நாற்பது நாட் குளிரும் காஷ்மீரக் குடும்பமும்

மக்களின் குடும்ப வாழ்க்கை அவர்தம் விருப்பத்தால் மாத்திரம் அமைவதன்று. அவர்கள் வாழும் நிலமும் பொழுதும் அதற்கு உருக்கொடுக்கின்றன. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்ட தமிழ் இலக்கண மரபை அறிந்தோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. ஆயினும், ஒரு பருவம் ஒரு வீட்டின் உணவு, உடை, உறையுள், தொழில், உறவு ஆகிய அனைத்தையும் தன்வயப்படுத்தும் விதத்தைத் தெளிவாகக் காணவேண்டுமாயின், கடுங்குளிர் நிலவும் நாடொன்றின் சிற்றூர்களை நோக்குதல் வேண்டும். காஷ்மீரப் பள்ளத்தாக்கு அத்தகைய நாடுகளுள் ஒன்று.

இப்பள்ளத்தாக்கு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில், ஒருபுறம் பீர்பஞ்சால் மலைத்தொடராலும் மறுபுறம் இமயப் பெருந்தொடராலும் சூழப்பெற்றுக் கிடக்கின்றது. இங்கு மாரிக் குளிரின் உச்சக் காலத்தை மக்கள் ‘சில்லை கலான்’ என வழங்குவர். ‘சில்லை’ என்பது நாற்பது எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது. ‘கலான்’ என்பது பெரியது எனப் பொருள்படும். டிசெம்பர் 21 இல் தொடங்கும் இப்பெருங்குளிர் சனவரி மாத இறுதிவரை நீடிக்கும். அதன்பின் இருபது நாட் சிறுகுளிரும், பத்து நாட் குழந்தைக் குளிரும் வருவதாக மக்கள் கணக்கிடுவர். ஈரானிய மக்களிடத்தும் இத்தகைய நாற்பது நாட் கணக்கு உண்டு.

இக்காலத்தில் இரவு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே செல்லுதல் வழக்கம். ஸ்ரீநகரில் 1893 ஆம் ஆண்டு சனவரியில் அது பூச்சியத்துக்குக் கீழ் 14.4 செல்சியஸ் பாகையாயிற்று; 2021 ஆம் ஆண்டு சனவரியிலும் 8.8 பாகைவரை தாழ்ந்தது. பனிமழை பொழியும் இரவே மிகக் குளிர்ந்த இரவு என வெப்ப நாட்டார் எண்ணுதல் இயல்பு. உண்மை அதற்கு மாறானது. முகில் மூடிய இரவில், நிலம் வெளியிடும் வெப்பத்தின் ஒரு பகுதியை முகில்கள் மீண்டும் நிலத்துக்கே அனுப்புகின்றன. வானம் தெளிந்த இரவிலோ அவ்வெப்பம் தடையின்றி வெளியேறுகின்றது. ஆதலின், பனி பெய்து ஓய்ந்து வானம் வெளித்த பின்னரே குளிர் கொடியதாகின்றது. ஏரிகளின் மேற்பரப்பு உறைவதும், குழாய்களில் நீர் கட்டியாவதும் அத்தகைய இரவுகளிலேயாம்.

இக்குளிரை உழவர் அஞ்சுவர். எனினும் அது வாராதொழிவதை அதனினும் அஞ்சுவர். நாற்பது நாளிற் பெய்யும் பனி மலைகளில் இறுகிக் கிடந்து, வேனிலிற் சிறிது சிறிதாக உருகி ஓடைகளை நிரப்பும். நெல்வயலும் பழத்தோட்டமும் அந்நீரை நம்பியிருப்பன. 2024 ஆம் ஆண்டு சனவரியில் நெடுநாள் பனி பொழியாது குல்மார்க் மலைச்சரிவுகள் வெறுமையாகக் கிடந்தபோது உழவர் கவலையுற்றமைக்குக் காரணம் இதுவே.

குளிரை எதிர்கொள்ளும் முயற்சி வேனிற் காலத்திலேயே தொடங்குகின்றது. கத்தரி, தக்காளி, சுரை முதலிய காய்களை அரிந்து வெயிலில் உலர்த்தி வற்றலாக்குவர். மீனையும் உலர்த்தி வைப்பர். கிழங்குகளை மண்ணிற் குழி தோண்டிப் புதைத்துக் காப்பர். பனியால் மலைப்பாதைகள் அடைபட்டுப் புறநாட்டுப் பொருள்கள் வாராத நாள்களில் சோற்றுக்குக் கறியாவன இவையே. இலையுதிர் காலத்திற் சினார் மரங்களின் சருகைக் கூட்டி எரித்து, நீர் தெளித்து அவித்துக் கரியாக்குவதும் ஆண்டுதோறும் நிகழ்வதாகும். இவ்வேலைகளிற் பெரும்பகுதி பெண்களின் தலையில் விழுவது. மாரியில் ஒரு வீடு பசியின்றி இருக்குமாயின், அதற்கு அவ்வீட்டுப் பெண்கள் ஆவணி, புரட்டாதி மாதங்களிற் செய்த உழைப்பே காரணம் எனலாம்.

வீட்டின் அமைப்பும் குளிரைக் கருதியதே. பழைய சிற்றூர் வீடுகளிற் கீழ்த்தளத்தில் ஆடுமாடுகளைக் கட்டி, மேற்றளத்திற் குடும்பத்தினர் வாழ்ந்தனர். கால்நடைகளின் உடற்சூடு மேலெழுந்து வீட்டாருக்குப் பயன்பட்டது. தரையில் வைக்கோல் பரப்பி, அதன்மேற் கோரைப்பாயும் கம்பளமும் விரிப்பர். வசதியுடையார் ‘ஹமாம்’ எனும் அறையை அமைப்பர். கற்பலகை பதித்த அதன் தரைக்குக் கீழே விறகெரித்து அறை முழுவதையும் சூடாக்குவர்.

இவையனைத்தினும் சிறந்து விளங்குவது ‘காங்கிரி’ என்னும் தணற்சட்டி. மட்சட்டி ஒன்றனைச் சுற்றி மரவளாராற் கூடை பின்னி, கைபிடியும் அமைத்து, உள்ளே சாம்பலும் தணலும் இடுவர். ‘ஃபெரன்’ எனப்படும் நீண்ட தளர்ந்த மேலங்கியினுள் இதனை வைத்துக்கொண்டே மக்கள் இருப்பர், நடப்பர், உரையாடுவர். ஒரு பெரிய வீட்டைச் சூடாக்க வேண்டிய விறகு ஏழைக் குடும்பத்தார்க்கு அரிது. ஒவ்வோர் உடலையும் தனித்தனியே சூடாக்கப் பிடி கரி போதும். வறுமையிற் பிறந்த நுட்பமான சிக்கனம் இதுவெனலாம்.

ஆயின், இச்சட்டி தீங்கும் விளைப்பது. தொடையிலும் வயிற்றிலும் ஓயாது வெப்பம் படுதலால் உண்டாகும் தோற்புற்றுநோயை மருத்துவர் எல்ம்சிலி 1866 இல் விளக்கினார். அது ‘காங்கிரிப் புற்றுநோய்’ என்றே மருத்துவ நூல்களிற் பெயர் பெற்றது. உறக்கத்திற் சட்டி கவிழ்ந்து சிறுவர் தீப்புண் அடைதலும் உண்டு. அடைத்த அறையிற் கரி எரியும்போது எழும் காபனோரொட்சைட்டு எனும் நச்சுவாயு மணமும் நிறமும் அற்றது. உறங்குவோர் அறியாமலே உயிரைக் கவர்வது. காற்றுப் புகச் சிறுவழி ஒன்று விடுதல் உயிர்காக்கும் செயலாகும்.

பாடசாலைகளுக்கு இக்காலத்தில் நீண்ட விடுமுறை உண்டு, வயலிலும் வேலையில்லை. எனவே பாட்டன் முதற் பேரன் ஈறாக அனைவரும் ஓரறையிற் கூடுவர். உப்பிட்ட தேநீர் அடிக்கடி பரிமாறப்படும். பெண்கள் மென்மயிர் நூற்பர். ஆடவர் சால்வை நெய்தல், கூடை பின்னல் முதலிய கைத்தொழில்களில் ஈடுபடுவர். முதியோர் கதை சொல்லுவர். கதாசரித்சாகரம் எனும் பெருங்கதைத் தொகுதியைச் சோமதேவர் 11 ஆம் நூற்றாண்டில் இயற்றியது இந்நாட்டிலேயே என்பதும் நினைக்கத்தக்கது.

பண்டிதர் எனப்படும் காஷ்மீர இந்துக்கள் பௌஷ மாத அமாவாசையன்று யட்சனுக்கெனக் கிச்சடி சமைத்து வீட்டின் வெளியே வைப்பர். குளிர்மிக்க இரவில் வெளியே அலையும் ஒருவனுக்கும் தம் உணவிற் பங்குண்டு என்னும் எண்ணத்தை இவ்வழக்கு இளையோர் உள்ளத்திற் பதிப்பது. 1990 ஆம் ஆண்டையொட்டி அக்குடும்பங்களிற் பெரும்பாலன பள்ளத்தாக்கை விட்டு வெளியேற நேர்ந்தது. குளிர் குறைந்த சம்முவிலும் தில்லியிலும் வாழும் அவர்கள் இன்றும் அந்நாளிற் கிச்சடி வைக்கின்றனர். குளிர் நீங்கிய பின்னும் குளிர் கற்பித்த ஒழுக்கம் நிலைத்திருத்தலை இதனாற் காண்கின்றோம்.

இன்று மின்னடுப்பும், எரிவாயுக் கணப்பும், மின்போர்வையும் சிற்றூர்களிலும் புகுந்துள்ளன. பெண்களின் சுமையையும் புகையின் தீமையையும் இவை குறைப்பின் வரவேற்கத்தக்கனவே. மின்சாரம் தடைப்படும் இரவுகளிற் பழைய தணற்சட்டியே மீண்டும் கைக்கு வருகின்றது. எனினும், அறைதோறும் தனித்தனிக் கணப்பு அமையுங்கால், ஓரறையிற் கூடியிருக்க வேண்டிய கட்டாயம் நீங்குகின்றது. முன்னர்க் குளிர் வலிந்து கூட்டிய குடும்பம் இனித் தானே விரும்பிக் கூடுதல் வேண்டும்.

காஷ்மீரச் சிற்றூரின் நாற்பது நாள்கள் உணர்த்துவன இரண்டு. துன்பம் வருமுன் அதற்கென உழைத்து வைத்தல் ஒன்று. வந்தபின் உள்ள வெப்பத்தையும் உணவையும் பகிர்ந்துகொள்ளல் மற்றொன்று. கருவிகள் காலந்தோறும் மாறலாம். இவ்விரண்டும் உள்ள வீட்டில் முதியோரும் குழவிகளும் அடுத்த வேனிலைக் காண்பர்.