உங்களுக்குத் தெரியுமா? நல்லூரில் அர்ச்சனைக்கு ஒரு ரூபாய்!

யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் அர்ச்சனைச் சீட்டின் விலை 1 ரூபாய்தான். செல்வருக்கும் ஏழைக்கும் அதே சீட்டு. விலைவாசி எவ்வளவு ஏறியும், கோயிலை நடத்தும் மாப்பாண முதலியார் குடும்பம் அதை உயர்த்தவில்லை.

• நல்லூரின் பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தனர்.

• இன்றைய கோயில் 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் ஆட்சியில் எழுந்தது. எழுப்பியவர், ஒல்லாந்தர் கச்சேரியில் சிறாப்பராக (காசாளராக) இருந்த இரகுநாத மாப்பாண முதலியார். இன்றும் அவர் வழியினரே நிர்வாகிகள்.

• ஆண்டுத் திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம்.

• பூசைகள் குறித்த நேரத்தில் நடக்கும். யாருக்காகவும் மணி தள்ளிப்போகாது.

• ஆண்கள் எவராயினும் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும்.