வளைத்துச் செய்தால்தான் நிமிரும்

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து தமிழகத்துக்குள் வர நான்கு வாசல்கள்: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். கம்பம் கணவாயைத் தாண்டி வரும் காற்றை நம்பித்தான் ஆண்டிப்பட்டி வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. ஆடி மாதத்தில் அங்கே போனால், பெரிய ஆலைகளின் இறக்கைகளைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். காற்று ஓய்ந்திருக்கும்போது அவற்றின் நுனி கோபுரத்தை விட்டு விலகி, முன்பக்கம் வளைந்திருக்கும். காற்று வலுக்க வலுக்க இறக்கை நிமிரும்.

அந்த வளைவு இறக்கையை வார்க்கும் அச்சிலேயே வைக்கப்பட்டது. காற்றாலை காற்றை எதிர்கொண்டு நிற்பதால் இறக்கைகள் பின்னோக்கி, கோபுரத்தின் பக்கம்தான் வளையும். ஐம்பது மீட்டர் நீள இறக்கையின் நுனி பலத்த காற்றில் சில மீட்டர் நகர்ந்துவிடும். கோபுரத்தில் மோதினால் ஆலையே நாசம். வளையாதபடி தடிமனாகச் செய்யலாம். ஆனால் எடை கூடும். அதைத் தாங்கும் சுழல்தண்டும் தாங்கியும் கோபுரமும் பருக்க வேண்டும். அதனால், வளையட்டும் என்று விட்டு, வளைவுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கிவிடுகிறார்கள். பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வுகளில் இது ஒன்று.

சிக்கல் கணினியில் வரைவதில் இருக்கிறது. வடிவமைப்பு மென்பொருள்கள் பொதுவாகப் பாகங்களை விறைப்பான திடப்பொருளாகவே எடுத்துக்கொள்கின்றன: ஒரு பாகம், ஒரு வடிவம். இறக்கைக்கோ அச்சிலிருந்து எடுக்கும்போது ஒரு வடிவம், இளங்காற்றில் ஒன்று, புயலில் வேறொன்று. அச்சு வடிவத்தை வைத்துக் கோபுரத்துக்கு உள்ள இடைவெளியை அளந்தால் அது பொய்க்கணக்கு. எனவே இறக்கையை நீளவாக்கில் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் விறைப்பையும் எடையையும் கொடுத்து, எந்தக் காற்றுக்கு எவ்வளவு வளையும், எவ்வளவு முறுக்கிக்கொள்ளும் என்று கணக்கிடுகிறார்கள். நுனி கோபுரத்தை மிக நெருங்கும் நிலையிலிருந்து பின்னோக்கி வந்து அச்சின் வடிவத்தை முடிவுசெய்கிறார்கள். கண்ணாடி இழையும் பிசினும் அந்த அச்சில்தான் இறக்கையாக இறுகுகின்றன. அச்சில் பிழையென்றால், அதில் வார்க்கும் எல்லா இறக்கைகளிலும் பிழை.

சுருள்வில், ரப்பர் குழாய் போன்ற சிறிய பாகங்களுக்கு இப்போது வழி எளிது. மூலக் கோப்பு ஒன்றாகவே இருக்க, ஓரிடத்தில் நீண்டும் இன்னோரிடத்தில் சுருங்கியும் அதைப் பொருத்தலாம். சாலிட்வொர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளில் இந்த வசதி 2020 பதிப்பில் வந்தது.

எஃகுக் கோபுரத்துக்கு வேறு கணக்கு. தகட்டை உருளையாக வளைக்கும்போது வெளிப்புறம் நீளும், உட்புறம் சுருங்கும், நடுவில் ஓர் அடுக்கு மட்டும் மாறாது. வெளிவிட்டம் 4 மீட்டர், தடிமன் 40 மில்லிமீட்டர் என்றால் வெளிச்சுற்று 12.57 மீட்டர், வெட்ட வேண்டிய தகடோ 12.44 மீட்டர்தான். வெளிச்சுற்றை நம்பி வெட்டினால் உருளை பெருத்துவிடும்.

கோபுரத்துக்குள் தொங்கும் மின்கம்பிதான் எல்லாவற்றிலும் அடங்காதது. காற்று திசைமாறும்போது தலைப்பகுதி திரும்ப, கம்பியும் முறுக்கிக்கொள்கிறது. முறுக்க முறுக்க அதன் நீளம் குறையும் என்பதால், அதற்கேற்ற தளர்வைத் தொங்கலிலேயே விட்டு வரைகிறார்கள். சில சுற்றுகள் ஆனதும் உணரி எச்சரிக்க, ஆலை உற்பத்தியை நிறுத்திவிட்டு எதிர்த்திசையில் சுற்றி முறுக்கைக் கழற்றிக்கொள்கிறது.