சிப்பிப்பாறை நாய் வளர்க்கப் போகிறீர்களா?

ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், கூரிய முகம். தென் தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை நாயைப் பார்த்ததும் வளர்க்க ஆசை வருகிறதா? சற்றுப் பொறுங்கள். முதலில் அதன் உடலமைப்பை அறிந்துகொள்வோம்.

முயலைக் கண்ணால் கண்டு, துரத்திப் பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம் இது. ஆழமான மார்புக்கூட்டில் இதயத்துக்கும் நுரையீரல்களுக்கும் தாராளமான இடமுண்டு. முதுகெலும்பு வில்லைப் போல வளைந்து நிமிர்வதால் ஒவ்வொரு பாய்ச்சலும் நீள்கிறது. முழு வேகத்தில், ஒரு பாய்ச்சலுக்குள் இரண்டு முறை நான்கு கால்களும் தரையில் படாமல் இருக்கின்றன!

இன்று முயல் வேட்டை சட்டப்படி குற்றம். ஆனால், சட்டம் வந்ததால் நாயின் உடல் மாறிவிடவில்லை. நாள் முழுதும் சங்கிலியில் கட்டிப்போட்டால் அது ஓயாமல் குரைக்கும். கண்டதைக் கடித்துக் குதறும். 'கெட்ட நாய்' என்று சிலர் தெருவில் விட்டுவிடுவார்கள். குற்றம் நாயினுடையதா?

வளர்ந்த நாயைக் காலையும் மாலையும் வேலியுள்ள திடலில் ஓடவிடுங்கள். சாலையில் கழுத்துவாரை அவிழ்க்காதீர்கள். ஓடும் பூனையைக் கண்டால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. உண்டவுடன் ஓடவிடாதீர்கள். ஒல்லியாக இருப்பது அதன் இயல்பு. அளவுக்கு மீறி ஊட்டாதீர்கள். குட்டிக்கு 3 மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் மறுபடியும் போடுங்கள்.

இப்போது நீங்கள் 9-ஆம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். இந்த நாய் 12 ஆண்டுகள்கூட வாழக்கூடும். நீங்கள் படிக்க வெளியூர் சென்றபின் அதைத் திடலுக்கு அழைத்துச் செல்வது யார்? வீட்டில் கேட்டு விடை கண்டபின் குட்டியைத் தேடுங்கள்.