எச்சரிக்கும் விளக்குகள்

பேராக்கில் உள்ள தாப்பாவிலிருந்து பகாங்கில் உள்ள தானா ராத்தாவிற்குச் செல்லும் மலைச்சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. வளைந்து வளைந்து ஏறும் இச்சாலை, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்திற்கு நம்மை இட்டுச் செல்கிறது. 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டத்தைக் காண விடுமுறை நாள்களில் பல குடும்பங்கள் இவ்வழியே காரில் செல்கின்றன. ஏற்றத்தின் நடுவே கார் திடீரென வலுவிழந்தால் என்ன செய்வது? முகப்புப் பலகையில் எரியும் சிறு விளக்கு எதை உணர்த்துகிறது?

பெட்ரோல் கார் ஓடுவதற்கு எரிபொருளோடு காற்றும் தேவை. இயந்திரத்திற்குள் செல்லும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் உறுப்பே திராட்டில் ஆகும். அதனுள் வட்டமான தகடு ஒன்று உள்ளது. முடுக்கியை மிதித்தால் தகடு திறக்கும்; காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். பழைய வண்டிகளில் முடுக்கியையும் திராட்டிலையும் ஒரு கம்பி இணைத்தது. இன்றைய கார்களிலோ, உணரிகள் அனுப்பும் தகவலைக் கொண்டு கணினி அத்தகட்டை இயக்குகிறது.

மலையில் காற்றின் அடர்த்தி குறைவு. தானா ராத்தாவின் உயரத்தில் அது கடற்கரையில் இருப்பதைவிட நூற்றுக்குப் பத்து விழுக்காட்டிற்கும் மேல் குறைந்துவிடுகிறது. ஆகவே, நல்ல நிலையில் உள்ள காரும் சற்று வலுக்குறைந்தே மலையேறும். இது பழுதன்று. ஆனால், தகட்டின் ஓரத்தில் கரி படிந்தால் நிற்கும்போது இயந்திரம் நடுங்கும். சில வேளைகளில் அணைந்தும் போகும். உணரி பழுதானால், கணினி பாதுகாப்புக் கருதித் திராட்டில் திறக்கும் அளவைக் குறைத்துவிடும். அப்போது எவ்வளவு மிதித்தாலும் கார் ஊர்ந்தே செல்லும்; இயந்திர வடிவ விளக்கும் எரியும்.

எச்சரிக்கை விளக்குகளின் நிறமே முதற்செய்தி. பச்சையும் நீலமும் ஒரு கருவி இயங்குவதைக் காட்டுகின்றன. மஞ்சள், விரைவில் பட்டறைக்குச் செல்லுமாறு கூறுகிறது. இயந்திர விளக்கு விட்டுவிட்டு மின்னினால், எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். உடனே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். சிவப்பு நிறம் ஆபத்தின் அறிகுறி. எண்ணெய்க் குவளை வடிவம் எரிந்தால் இயந்திர எண்ணெயின் அழுத்தம் குறைந்துள்ளது. வெப்பமானி வடிவம் எரிந்தால் இயந்திரம் மிகையாகச் சூடேறியுள்ளது. இவ்விரண்டிலும் காரை ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைக்க வேண்டும். சூடு தணியும் முன் நீர்க்கலனின் மூடியைத் திறக்கக்கூடாது. கொதிநீர் பீறிட்டு உடலைச் சுட்டுவிடும்.

அரிதாக, திராட்டில் திறந்தபடியே சிக்கிக்கொள்ளலாம். காலை எடுத்த பின்னும் கார் வேகமெடுத்தால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து, கியரை நடுநிலைக்கு மாற்ற வேண்டும். கார் நின்ற பிறகே இயந்திரத்தை அணைக்க வேண்டும். ஓடும்போதே அணைத்தால் திசைதிருப்பியும் பிரேக்கும் கடினமாகிவிடும்.

மலையிலிருந்து இறங்கும்போதும் திராட்டில் நமக்குத் துணைபுரிகிறது. குறைந்த கியரில் முடுக்கியிலிருந்து காலை எடுத்தால் தகடு மூடிக்கொள்ள, இயந்திரமே காரின் வேகத்தைத் தணிக்கும். தொடர்ந்து பிரேக்கையே மிதித்து வந்தால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் சில நொடிகள் எரியும். இயந்திரம் இயங்கிய பின்னும் அணையாத விளக்கே நம்மிடம் ஏதோ சொல்கிறது. பெற்றோருடன் அடுத்த முறை பயணம் புறப்படும்போது அதைக் கவனித்துச் சொல்லுங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை. மலையடிவாரத்தில் செலவிடும் சில நிமிடங்கள் மலைமேல் ஓர் உயிரையே காக்கக்கூடும்.