கண்ணாடி அடுப்புக்கு ஏற்ற கலம்

கண்ணாடிப் பீங்கான் அடுப்பின் வெம்மைவட்டம் செந்நிறமாய் ஒளிரும்போதும், வட்டத்துக்கு அப்பாலுள்ள பரப்பு அவ்வளவாகச் சூடேறுவதில்லை. கீழே ஏறத்தாழ 1000 பாகை செல்சியசில் கனலும் கம்பிச்சுருளின் வெம்மை, கதிராகவும் தொடுவெப்பமாகவும் தகட்டைக் கடந்து மேலேறுகிறது. பக்கவாட்டில் பரவ அதற்கு வழி மிகக் குறைவு. சமையல் உலோகங்களுள் வெப்பத்தை மந்தமாகக் கடத்துவது எவர்சில்வர் என நாம் வழங்கும் துருவேறா எஃகு. கண்ணாடிப் பீங்கான் கடத்துவதோ அதிலும் பத்திலொரு பங்குதான். கலத்தேர்வின் நெறிகளுள் பெரும்பாலானவை இந்த ஓர் இயல்பிலிருந்தே பிறக்கின்றன. விறகடுப்பின் சுடர் கலத்தின் வடிவுக்கேற்ப வளைந்து தழுவும். கண்ணாடித் தகட்டுக்குக் கலமே இணங்கி அமைய வேண்டும்.

இப்பொருள் பிறந்த வரலாறு வியப்புக்குரியது. 1953இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்டு ஸ்டூக்கி என்னும் வேதியியலறிஞர், லித்தியம் கலந்த கண்ணாடித் தகடொன்றை 600 பாகையில் சூடேற்ற உலையில் வைத்தார். கட்டுப்பாட்டுக் கருவி பழுதுற்று உலை 900 பாகையை எட்டிவிட்டது. உருகி வழிந்திருக்க வேண்டிய தகடு உருக்குலையாமல் வெண்ணிறமாய்க் கிடந்தது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தும் உடையவில்லை. கண்ணாடிக்குள் நுண்படிகங்கள் விளைந்திருந்தன. அவ்வழியில் தொடர்ந்த ஆய்வுகளே, லித்தியமும் அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்த இன்றைய அடுப்புத்தகட்டுக்கு இட்டுச்சென்றன. இதன் படிகங்கள் சூடேறினால் சுருங்கும்; இடையே எஞ்சிய கண்ணாடி விரியும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் தகட்டின் அளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஆகவேதான் கனலும் வட்டத்தின்மீது குளிர்நீர் தெறித்தாலும் தகடு வெடிப்பதில்லை. செருமனியின் ஷாட் நிறுவனம் 1971இல் செரான் என்னும் பெயரில் இதனை அடுப்புக்குக் கொணர்ந்தது. சிலி நாட்டின் பரனால் மலையிலுள்ள தொலைநோக்கிகளின் 8.2 மீட்டர் ஆடிகளும் இக்குடும்பத்துப் பொருளால் ஆனவையே. விண்மீன்களை நோக்கும் ஆடிக்கு வேண்டிய அதே நிலைப்பாடு சமையலறைக்கும் வாய்த்திருப்பதை எண்ண உள்ளம் மகிழ்கிறது.

கலத்தில் முதலில் நோக்கத்தக்கது அடித்தளம். அது தகட்டில் சமமாகப் படிய வேண்டும். இடையே காற்று புகுந்தால் தொடுவெப்பம் தடைப்படும். எவர்சில்வரைவிட ஏறத்தாழ 600 மடங்கு குறைவாகவே காற்று வெப்பத்தைக் கடத்துகிறது. கலம் ஏற்காத வெம்மை கண்ணாடியில் தேங்கும். சுருளுக்கு மேலே குறுக்காக அமைந்த வெப்பக் காவற்கோல் அதனை உணர்ந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கும். சூடு தணிந்ததும் மீண்டும் இணைக்கும். அடுப்பை முழு ஆற்றலில் வைத்தும் வட்டம் அடிக்கடி அணைந்து எரிகிறது, குழம்பு கொதிக்க நெடுநேரமாகிறது என்றால், கலத்தின் அடியைத்தான் முதலில் ஐயுற வேண்டும்.

ஆய்ந்தறிய அளவுகோல் ஒன்று போதும். ஆறிய கலத்தைக் கவிழ்த்து, அடியின்மீது கோலின் விளிம்பை நிறுத்தி ஒளிக்கு எதிரே பாருங்கள். நடுவில் மயிரிழையளவு ஒளி தெரிந்தால் நன்று. சூடேறும்போது அடித்தளம் விரிந்து சமமாகும் என்று கருதியே தேர்ந்த வினைஞர்கள் அச்சிறு குழிவை விடுகிறார்கள். நடு புடைத்து, தட்டினால் பம்பரம்போல் சுழலும் கலத்தை வாங்கலாகாது.

அடுத்தது உலோகம். எவர்சில்வரைவிடச் செம்பு ஏறத்தாழ 25 மடங்கும், அலுமினியம் 15 மடங்கும், வார்ப்பிரும்பு 3 மடங்கும் வெப்பத்தைக் கடத்தும். ஆயினும் வெறும் செம்பும் அலுமினியமும் தகட்டில் உராயும்போது உலோகக் கோடுகளைப் பதித்துவிடுகின்றன. மெல்லிய எவர்சில்வரோ வெம்மையைப் பரப்ப இயலாமல் பாலை ஒரே இடத்தில் தீய்க்கும். ஆதலால் புறத்தே எவர்சில்வராகவும், அடியினுள்ளே தடித்த அலுமினியமோ செம்போ பொதிந்தும் அமைந்த கலமே தலைசிறந்தது என்பேன். தகடு செய்யாத பரப்பும் பணியை அந்த உள்ளடுக்கு செய்கிறது. விலை சற்று மிகுதியே; ஆனால் பணத்தைச் செலவிடத் தக்க இடம் அடிப்பகுதிதான், பளபளக்கும் மூடியும் கைப்பிடியும் அல்ல.

எனாமல் பூசிய கலம் நீர் வற்றிக் காய்ந்தால், பூச்சு இளகித் தகட்டோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். சருக்கரைப்பாகு வழிந்து ஆறினால், இறுகிச் சுருங்கும்போது கண்ணாடிச் செதில்களையே பெயர்த்தெடுக்கும். சூடாக இருக்கும்போதே சுரண்டியால் கவனமாக வழித்தெடுக்க வேண்டும். மணற்பரலின் குவார்ட்சு இத்தகட்டைவிடக் கடியது. எனவே கலத்தின் அடியைத் துடைத்து வைப்பதும், நகர்த்தாமல் தூக்கி எடுப்பதும் நலம்.

இண்டக்சன் எனும் தூண்டல் அடுப்பின் மேற்றகடும் இதே பொருளே. அங்கு வெம்மை கலத்தின் அடியிலேயே பிறப்பதால், காந்தம் ஒட்டும் அடி வேண்டும்.

டொராண்டோவிலும் இலண்டனிலும் குடியேறிய தமிழர் இல்லங்களில் இவ்வடுப்பு பலருக்கும் பழகியது. ஊரிலிருந்து கலங்களைக் கொண்டுசெல்வோர் சிலவற்றை ஆய்ந்து கொள்ளுதல் தகும். குழிந்த ஆப்பச்சட்டியும் உருண்ட அடியுள்ள இருப்புச்சட்டியும் ஒரு சிறு வட்டத்தில் மட்டுமே தகட்டைத் தொடும். வட்டத்தினும் அகன்ற இரும்புத் தோசைக்கல்லில் நடு முறுகும், ஓரம் வேகாது. வட்டத்தின் அளவுக்கு ஒத்த, அடி வழவழப்பான தட்டைக்கல்லே பொருந்தும். வெள்ளீயத்தால் ஆன ஈயச்சொம்பை இத்தகட்டில் ஏற்றவே வேண்டாம். வெள்ளீயம் 232 பாகையில் உருகும்; தகட்டின் சூடு அதனை எளிதில் விஞ்சும், அடுப்பை அணைத்த பின்னும் நெடுநேரம் தங்கும். இரசத்தை எவர்சில்வரில் நுரைகட்டவிட்டு இறக்கி, பின்னர்ச் சொம்பில் ஊற்றிக்கொள்ளலாம்.