மலையேறும் கைகளுக்கு மழைக் கவசம்

கேதார யாத்திரைக்குப் புறப்படும் வீட்டில் மூட்டை கட்டுவதைப் பாருங்கள். ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லாய், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எல்லாம் ஞாபகமாகப் பைக்குள் ஏறிவிடும். கையுறைக்கு மட்டும், "அங்கே போய் ஒரு ஜோடி வாங்கிக்கிட்டாப் போச்சு" என்போம். மழையில் மலை ஏறும்போது முதலில் விறைத்துப் போவது கைதான், சகோதரிகளே!

கௌரிகுண்டிலிருந்து கோயில் வரை சுமார் 16 கிலோமீட்டர் நடை. கௌரிகுண்ட் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். கேதாரம் 3,583 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிர் கூடும். அதாவது கோயிலை அடைவதற்குள் ஒன்பது, பத்து டிகிரி குறைந்துவிடும். இதில் மழையும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும்.

எங்களோடு வந்த என் நாத்தனாருக்குச் சர்க்கரை வியாதி. லின்சோலியை நெருங்கும்போது, "அண்ணி, தடியைப் பிடிக்கவே முடியல. விரல் இருக்கான்னே தெரியல" என்றாள். பின்னல் கையுறை பிழியப் பிழிய நனைந்திருந்தது. அதைக் கழற்றி, கையைத் துடைத்து, இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொள்ளச் சொன்னோம். டீக்கடைக்காரர் அடுப்பைக் காட்டினார், வேண்டாமென்று விட்டோம். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். அழுத்தித் தேய்க்கவும் கூடாது. உணர்வு திரும்பியதும் மாற்று ஜோடியைப் போட்டோம்.

சரி, எப்படிப் பார்த்து வாங்குவது?

ஒரே கனமான கையுறையைவிட இரண்டு அடுக்கு நல்லது. உள்ளே மெல்லிய கம்பளி. மேலே நீர் புகாத உறை. பருத்தி வேண்டவே வேண்டாம். நனைந்தால் ஐஸ் போலாகிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும்.

மேலுறையில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று இருக்கிறதா பாருங்கள். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால் தூறலுக்கு மட்டுமே தாங்கும். தையல் வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். உள்பக்கம் தையல்மேல் பட்டை ஒட்டியிருக்க வேண்டும்.

கட்டைவிரல் தனியாக, மற்ற நான்கும் ஒரே பையில் இருக்கும் 'மிட்டன்' அதிகக் கதகதப்பு. விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். குழந்தைகளுக்கு இதுவே உத்தமம். பித்தான் போட, பணம் எண்ணத்தான் கஷ்டம். அதற்கு உள்ளுறை போதும்.

இறுக்கமாக வாங்காதீர்கள், ரத்த ஓட்டம் குறையும். உள்ளுறையோடு போட்டு, விரல்களைத் தாராளமாக மடக்க வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

வீட்டிலேயே ஒரு பரீட்சை. உறையை மாட்டி, அதன் வாய் மூழ்காமல் பக்கெட் தண்ணீரில் 10 நிமிஷம் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டுங்கள். உள்ளே ஈரம் தட்டினால் மலைக்கு ஆகாது.

செலவு செய்ய முடியாதவர்கள், பாத்திரம் துலக்கும் ரப்பர் கையுறையை ஒரு அளவு பெரிதாக வாங்கிக் கம்பளிக்கு மேல் போடலாம். உள்ளே வியர்க்கும், மழை விட்டதும் கழற்றிக் காற்றாட விடுங்கள்.

தடி ஊன்றி நடக்கும்போது கை கீழே தொங்கும்; மழைக்கோட்டின் கை கையுறைக்கு மேலே வரட்டும். இல்லாவிட்டால் தண்ணீரெல்லாம் வழிந்து உள்ளேதான் சேரும்.

வழியில் அடிக்கடி கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியாவிட்டால் உடனே நின்று கையைச் சூடாக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு உணர்வு மந்தமாக இருக்கலாம். அவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே கையைத் தொட்டுப் பாருங்கள்.

உள்ளுறை இன்னொரு ஜோடியை பிளாஸ்டிக் பையில் சுற்றி, மூட்டையின் மேலாக வையுங்கள். அடியில் வைத்தால், மழையில் அதை யார் தேடுவது?