பழைய காருக்கு எந்த ஸ்பேனர்?

திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டிப் போகிறவர்களுக்குப் பழைய புல்லட்டின் சத்தம் பழக்கமானது. வெளிநாட்டிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்களில் பலருக்கு அந்த வண்டிமேல் தனிப் பிரியம். எப்போதாவது ஓர் அம்பாசடரும் அந்த வழியே வரும். இரண்டும் பழுதானால் போய் நிற்பது பட்டறையில்தான். அங்கே அடிக்கடி காதில் விழுவது, “தம்பி, அந்தப் பன்னெண்டு-பதிமூணை எடுடா!”

பன்னெண்டு-பதிமூணு என்பது இருமுனை ஸ்பேனர். ஒரு முனை 12 மி.மீ., மறுமுனை 13 மி.மீ. இன்றைய வண்டிகளுக்கு அது போதும். ஆனால் 1970-களில் வந்த அம்பாசடரின் எஞ்சினில் அதை மாட்டினால் 12 ஏறாது, 13 ஆடும். ஏனென்றால் அங்கே இருப்பது அரை அங்குல நட்டு. அதாவது 12.7 மி.மீ.

வெறும் 0.3 மி.மீ. ஆட்டம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் விஷயம் புரியும். 20 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ விசையோடு இழுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நட்டின்மேல் விழும் முறுக்கு 400 கிலோ-செ.மீ. அரை அங்குல அறுகோண நட்டின் ஒரு பக்கத்தின் நீளம் 7.3 மி.மீ.தான். திறந்த வாய் ஸ்பேனரின் இரண்டு தாடைகளும் எதிரெதிர் மூலைகளை அழுத்தித்தான் நட்டைத் திருப்புகின்றன. அந்த இரண்டு அழுத்தங்களுக்கும் நடுவே கிடைக்கும் நெம்புதூரம் இந்த 7.3 மி.மீ.க்கு மேல் போகாது. 400-ஐ 0.73-ஆல் வகுத்தால், ஒவ்வொரு மூலையும் தாங்குவது ஏறத்தாழ 550 கிலோ!

சரியான அளவு ஸ்பேனர் என்றால் நட்டின் தட்டையான முகம் அந்தப் பாரத்தில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். 13 மி.மீ. ஸ்பேனரோ அரை அங்குல நட்டின்மேல் சுமார் இரண்டரை டிகிரி சும்மா சுழன்ற பிறகே பிடிக்கும். அப்போது தொடுவது மூலையின் கூரிய விளிம்பை மட்டும். இறுகிக் கிடக்கும் நட்டு என்றால் விளிம்பு நசுங்கும், ஸ்பேனர் நழுவும், விரல் முட்டி எஞ்சினில் மோதும். பட்டறை மொழியில் சொன்னால் நட்டு ‘ரவுண்டாகிவிட்டது’. அதற்குப் பிறகு உளியும் வெல்டிங்கும்தான் வழி.

இந்த அளவுக் குழப்பத்துக்கு வயது 180 ஆண்டுகளுக்கு மேல். இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஜோசஃப் விட்வொர்த் 1841-இல் ஒரே அளவுமுறையை முன்வைத்தார். அவருடைய மரையின் கோணம் 55 டிகிரி. 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி மரையைக் கொண்டுவந்தார். ஐரோப்பா மில்லிமீட்டர் வழியில் போனது. விட்வொர்த்தின் பெருமரை மோட்டார் வண்டியின் அதிர்வுக்கு ஒத்துவராததால், 1908-இல் பிரிட்டன் பி.எஸ்.எஃப். என்ற நுண்மரையைச் சேர்த்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் நேசநாடுகளின் உதிரிபாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பெரும் தொல்லை. அதன் விளைவாக 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் சேர்ந்து யூனிஃபைடு மரையை ஏற்றன. இதன் நுண்மரை வகைதான் யூ.என்.எஃப்.

இந்தியாவில் மெட்ரிக் அளவைக்கான சட்டம் வந்தது 1956-இல். நம் கார் தொழிற்சாலைகளோ வெளிநாட்டு வரைபடங்களை அப்படியே கொண்டுவந்து வேலை செய்தன. அதனால் நம் பழைய கார்களில் எல்லா வம்சமும் உண்டு. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசடரின் 1,489 சிசி எஞ்சினுக்கு யூ.என்.எஃப். மரை. சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதே கட்சி. ஃபியட் 1100-இன் வாரிசான பிரீமியர் பத்மினி முழுக்க மில்லிமீட்டர். 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் பழைய புல்லட்டுகளில் பிரிட்டிஷ் மரை, பிந்தியவற்றில் மெட்ரிக்.

எல்லாவற்றையும் மிஞ்சிய விசித்திரம் ஹிந்துஸ்தான் 10. மாரிஸ் 10 காரைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இந்தப் பெயரில் விற்றது. மாரிஸின் எஞ்சின் தொழிற்சாலை முன்பு ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்குச் சொந்தமானது. 1923-இல் மாரிஸ் அதை வாங்கியபோது, மில்லிமீட்டர் மரை வெட்டும் இயந்திரங்களும் சேர்ந்தே வந்தன. அவற்றைத் தூக்கிப்போட மனமில்லை. உள்ளூர் மெக்கானிக்கிடம் இருப்பதோ விட்வொர்த் ஸ்பேனர். ஆகவே மரையை மெட்ரிக்கில் வெட்டி, தலையை மட்டும் விட்வொர்த் அளவில் வைத்தார்கள். இந்த எஞ்சினில் ஸ்பேனர் கச்சிதமாக உட்காரும். அதை நம்பிப் பிரிட்டிஷ் போல்ட்டைப் போட்டால் மரை போய்விடும்.

ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண்ணும் ஏமாற்றும். மி.மீ. ஸ்பேனரிலும் ஏ.எஃப். என்று குறித்த அங்குல ஸ்பேனரிலும் எண் சொல்வது வாயின் அகலத்தை. விட்வொர்த்தில் அது போல்ட்டின் தண்டுத் தடிமன். ஆகவே கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 13.34 மி.மீ. இருக்கும். அதே வாயில் 5/16 பி.எஸ்.எஃப். என்றும் எழுதியிருக்கும். அரை அங்குல ஏ.எஃப். நட்டில் இதை மாட்டினால் ஆட்டம் ஐந்தரை டிகிரி.

மி.மீ. ஸ்பேனரால் அங்குல நட்டைச் சமாளிக்கவே முடியாதா? சில இடங்களில் முடியும். முக்கால் அங்குலம் 19.05 மி.மீ. என்பதால் 19 மி.மீ. ஸ்பேனர் பல சமயம் இறுக்கமாக ஏறிவிடும். 5/8 அங்குலம் 15.88, அதற்கு 16 பரவாயில்லை. ஆனால் 9/16 என்பது 14.29. அதில் 14 ஏறாது, 15 நட்டைக் கெடுக்கும். அரை அங்குலத்தின் கதையை மேலே பார்த்தோம். எஞ்சினில் அதிகம் கைபடும் 5/16 அங்குல யூ.என்.எஃப். போல்ட்டுகளின் தலை இந்த அரை அங்குலம்தான்.

எது எந்த வம்சம் என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. போல்ட் தலையில் 8.8, 10.9 போன்ற எண் இருந்தால் மெட்ரிக். ஒன்றையொன்று தொட்டு நிற்கும் சிறு வட்டங்களோ வட்டமான குழியோ இருந்தால் யூனிஃபைடு. ஒன்றும் இல்லையென்றால் வெர்னியரால் தலையை அளக்கலாம், மரை அளவியால் மரையை எண்ணலாம். 5/16 அங்குலத் தண்டு 7.94 மி.மீ., எம்8 தண்டு 8 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் யூ.என்.எஃப்.-இல் அங்குலத்துக்கு 24 மரை, எம்8-இல் இருபதுக்குச் சற்று மேல். கையால் இரண்டு சுற்று ஏறி இறுகினால், ஸ்பேனர் போட்டு அழுத்தாமல் கழற்றிவிட வேண்டும். நாற்பது ஐம்பது ஆண்டுகளில் பல கை பட்ட எஞ்சின் என்றால் ஒவ்வொரு போல்ட்டையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

அளவு தெரிந்த பிறகு வகை. ரிங் ஸ்பேனர் ஆறு மூலைகளையும் பிடிக்கும். மேலே பார்த்த அதே இழுப்பில் ஒரு மூலைக்கு 550 கிலோவுக்குப் பதில் சுமார் 180 கிலோதான். அதனால் இறுகிய நட்டை இளக்குவதற்கு ரிங் அல்லது பாக்ஸ். இளகிய பிறகு வேகமாகக் கழற்றத் திறந்த வாய். அதன் தலை 15 டிகிரி சாய்ந்திருப்பதற்கும் காரணம் உண்டு. சந்துபொந்தில் ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் போட்டால் 30 டிகிரி இடம் கிடைத்தாலே நட்டு நகரும். ஸ்க்ரூ ஸ்பேனரின் தாடையில் ஆட்டம் எப்போதும் இருக்கும் என்பதால் அதை எஞ்சின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

சின்ன ஸ்பேனர் குட்டையாக இருப்பதும் கணக்கோடுதான். போல்ட் என்பது ஒருவகை ஸ்பிரிங். இறுக்கும்போது மிகச் சிறிதளவு நீண்டு, அந்த இழுவிசையால் இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. அளவுக்கு மீறி நீண்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. ஸ்பேனரில் பைப்பைச் செருகி இழுப்பது இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். சிலிண்டர் ஹெட் நட்டுகளுக்கு டார்க் ரென்ச் அவசியம். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, சிறிது சிறிதாக, சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும்.

பழைய அம்பாசடர் வாங்குகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறந்து எந்த எஞ்சின் என்று பாருங்கள். 1,489 சிசி என்றால் 7/16-இலிருந்து 3/4 வரை ஏ.எஃப். ரிங் ஸ்பேனரும் அதே அளவுகளில் பாக்ஸ் செட்டும் வாங்குங்கள். 1990-களில் வந்த இசுசு எஞ்சின் என்றால் மி.மீ. செட் போதும். பிரிட்டிஷ் மரைப் பழைய புல்லட்டும் வீட்டில் இருந்தால் விட்வொர்த் செட்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். மூன்றையும் ஒரே பெட்டியில் கொட்டி வைக்காமல் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது.